பாய்க்கு அடியில் இருந்த மஞ்சள்

"அம்மா, என் இடத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

பன்னிரண்டு வருடம் கண்ணை மூடித் தியானம் செய்தவர் சொன்ன வாக்கியம் இது.

பெயர் வேதாசலம். வயது எழுபது. கோபத்தை விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்வார். அன்று அதைச் சொல்லும் நிலையில் இல்லை.

குருவின் பெயர் தவமணி அம்மா. சீடரைவிடப் பத்தொன்பது வயது இளையவர். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அந்தப் பழக்கத்தில், தியானம் முடிந்தால் மணி அடிக்கமாட்டார். கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவார்.

அப்போது அவர் சமையலறையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்தார்.

"எந்த இடம், ஐயா?"

"என் இடம்மா. கிழக்கு ஜன்னல் பக்கம். ரெண்டாவது பாய்."

"அது உங்க இடமா?"

"பன்னெண்டு வருஷமா அங்கதானே உக்காருறேன்."

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அனுபவ பாத்தியம்."

குருவின் விரல் நின்றது. நார் பாதி சுற்றியிருந்தது.

வேதாசலம் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்தவர். யார் வேலி யார் வயலுக்குள் எத்தனை அடி நுழைந்திருக்கிறது என்பதுதான் அவர் வாழ்க்கை. ஆசிரமத்துக்கு வரும்போது வேட்டி சட்டையோடு வந்தார். அளவு நாடா மட்டும் எப்படியோ பையில் கூடவே வந்துவிட்டது.

"சட்டம் என்ன சொல்லுதுன்னாம்மா, பன்னெண்டு வருஷம் தொடர்ந்து இருந்திருக்கணும். வெளிப்படையா இருந்திருக்கணும். யாரும் தடுத்திருக்கக் கூடாது. மூணும் என்கிட்ட இருக்கு."

"அத்தாட்சி?"

"வாங்க, காட்டுறேன்."

குரு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

* * *

ஏற்காட்டு மலைச்சரிவில் அந்தத் தியானக் கூடம். கிழக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் இடுப்பு உயரத்திலிருந்து மேலே கண்ணாடி ஜன்னல்கள். வடக்கே வெறும் சுவர்.

தரை முழுக்கப் பலாப்பலகை. எஸ்டேட்காரர் ஒருவர், காற்றில் சாய்ந்த மரங்களை அறுத்துக் கொடுத்தார். குளிருக்கு மரத்தரை நல்லது என்றார். இழைத்துப் பதித்த அன்று தரை பலாச்சுளை மாதிரி மஞ்சளாக இருந்தது. காலை வைக்கவே கூச்சப்பட்டார்கள்.

இப்போது அது வெல்லப்பாகு நிறம். எப்போது மாறியது என்று யாரையாவது கேட்டால், எப்போது மாறியது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டாவது பாயில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலை நீட்டி, முழங்காலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆத்தூரில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் சவுந்தரம். கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, நான்கு மாதம் தங்க அன்று காலையில்தான் வந்திருந்தார்.

"ஏனுங்க, உங்க பாயின்னு தெரியாதுங்க. காலு வெறச்சுக்கிச்சு. இங்க வெயிலு அடிச்சுது, உக்காந்துட்டேன்" என்று அவசரமாக எழுந்தார்.

"பரவாயில்ல" என்றார் வேதாசலம், பரவாயில்லை என்ற முகமே இல்லாமல்.

பிறகு குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார். ஒரே இழுப்பு.

பாய்க்கு அடியில் மஞ்சள் இருந்தது.

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு பதித்தபோது இருந்த அதே மஞ்சள். சுற்றிலும் தரை பழுப்பாகிவிட்டது. பாய் மூடியிருந்த துண்டு மட்டும் நேற்று இழைத்த பலகையாகக் கிடந்தது.

"பாத்தீங்களாம்மா!" வேதாசலம் குரல் கூடத்தில் எதிரொலித்தது. "கல்லு ஊனாமலே எல்லை! நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு நாள்கூட ஒரு அங்குலம் நகர்ந்ததில்ல நான்."

சத்தம் கேட்டு எல்லோரும் வந்தார்கள். மற்றப் பதின்மூன்று சீடர்கள். பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக நழுவிப்போய்த் தங்கள் தங்கள் பாயைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ஆசிரமத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. "உங்களுது ஏன் மங்கலா இருக்கு?" "போன வருஷம் கல்யாணத்துக்குப் போனீங்களே, அதான்." "என்னுதைப் பாருங்க, என்னா மஞ்சள்!" முன்னாள் போஸ்ட்மாஸ்டர் ஜீவரத்தினம் தன் மஞ்சள் கொஞ்சம் கோணலாக இருப்பதற்குப் பாய் விற்ற கடைக்காரனைத் திட்டினார். முற்றும் துறக்க வந்தவர்கள் மத்தியானச் சோற்றை மறந்துவிட்டு முழங்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேதாசலம் சும்மா இருப்பாரா. நாடாவை எடுத்தார். சாயங்காலத்துக்குள் கூடம் முழுவதையும் அளந்து, பதினான்கு மனைக்கும் எண் போட்டு, புலப்படம் வரைந்துவிட்டார்.

படத்தில் ஒரு குறை இருந்தது.

"ஜீவரத்தினம், அம்மா எங்க உக்காருவாங்க?"

"நேத்து அந்தத் தூண்கிட்ட."

"முந்தாநாள்?"

"முந்தாநாள்... கதவுகிட்டன்னு நினைக்கிறேன்."

தூண் பக்கம் போய்ப் பார்த்தார். கதவருகே பார்த்தார். எங்கேயும் மஞ்சள் இல்லை.

படத்தின் அடியில் குருவின் பெயரை எழுதி, எதிரே 'புறம்போக்கு' என்று எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்துவிட்டார்.

* * *

படத்தோடு குருவிடம் போனார். குரு தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா வரைஞ்சிருக்கீங்க, ஐயா."

"நன்றிம்மா."

"இத்தனை இடம் இருக்கு. அந்த ஒண்ணுதான் வேணுமா?"

வேதாசலம் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். பிறகு காலால் அழித்தார்.

"அம்மா, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. என் சம்சாரம் கனகவல்லி போனப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. ஒண்ணரை வருஷம். வீட்டுல ஒவ்வொரு அறையா நடப்பேன். எந்த அறையிலயும் நிக்க முடியல. இங்க வந்தேன். மூணு மாசம் சும்மா முதுகு வலிச்சதுதான் மிச்சம். அப்புறம் ஒரு நாள் காலையில, அந்த ஜன்னல்கிட்ட, மூச்சு இறங்கிச்சு. அவ்வளவுதாம்மா. மூச்சு முழுசா உள்ள போயி வெளிய வந்துது. அன்னைக்குத் தூங்கினேன்."

குரு குச்சி நடுவதை நிறுத்திவிட்டார்.

"அது அந்த இடத்துலதாம்மா நடந்துது. அந்த இடம் போனா அதுவும் போயிரும். பயமா இருக்கு."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறார். தானே கண்கலங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை.

குரு படத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"இடம் உங்களுதுதான், ஐயா."

"அம்மா!"

"அத்தாட்சி நல்லா இருக்கு. மஞ்சள் இருக்கற வரைக்கும் அது உங்க இடம். யாரும் வந்து உக்கார மாட்டாங்க. நான் பொறுப்பு."

வேதாசலம் கும்பிட்டார். இரண்டடி நடந்தார்.

"ஐயா."

"சொல்லுங்கம்மா."

"நிலம் உங்களுது. பாய் ஆசிரமத்துது. அதைக் குடுத்துருங்க. துவைக்கப் போடணும்."

"பாய் இல்லாட்டி வெயில் பட்டு மஞ்சள் போயிருமேம்மா. என் துண்டை விரிச்சுக்கறேன்."

"அனுபவம் வெளிப்படையா இருக்கணும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? மூடிவெச்சா எப்படி வெளிப்படை?"

வேதாசலம் வாயைத் திறந்தார். சட்டப் புத்தகத்தின் எல்லாப் பக்கமும் மனதில் புரண்டது. ஒரு பக்கமும் உதவவில்லை. தானே வரைந்த எல்லைக்குள் தானே மாட்டிக்கொண்ட முதல் சர்வேயர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

* * *

மறுநாள் விடிவதற்குள் வந்து வெறும் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு வெயில் அவர் இடத்துக்கு வந்தது. வேதாசலம் குடையை விரித்தார்.

ஜீவரத்தினம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன வேதாசலம், கூடத்துக்குள்ள மழையா?"

"வெயில்."

"தை மாசக் குளிர்ல வெயிலுக்குக் குடை பிடிச்ச மொத ஆள் நீங்கதான்யா."

"உங்க வேலையைப் பாருங்க."

"கண்ண மூடறதுதான் என் வேலை. நீங்க மூட விட்டாத்தானே."

குரு அந்தப் பக்கம் வந்தார். குடையைப் பார்த்தார். வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இன்னொரு குடை இருந்தது.

"இதையும் வெச்சுக்கங்க, ஐயா. கால் பக்கம் ஒழுகுது."

யாரோ சிரிப்பை அடக்க முயன்று இருமினார். அந்த இருமல் வரிசையாகப் பரவியது. அன்றைய தியானம் அத்தோடு சரி.

இரண்டு கையிலும் குடை. கண்ணை மூடினால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று தெரியாது. ஆகவே மூட முடியவில்லை. இப்படியாக வேதாசலம் அந்தக் கூடத்தைப் பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

பார்த்ததில் ஒன்று அவருக்கு விளங்கவே இல்லை.

கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் கிழக்கு ஜன்னலடியில்தானே முதலில் விழ வேண்டும்? விழவில்லை. காலை ஏழு மணிக்கு நேரே எதிர்ப்பக்கம் போய் மேற்குச் சுவரைத் தொட்டது. அப்புறம் மெல்லப் பின்வாங்கி, நடுக் கூடம் வந்து, ஒன்பது மணிக்கு அவரிடம் வந்து, பத்துக்குள் ஜன்னலடிக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்த விருந்தாளி நேரே அடுக்களைக்குப் போய்விட்டு, நிதானமாக முன்னறைக்கு வருவது போல.

"தலைகீழா நடக்குது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

* * *

ஐந்தாம் நாள் சவுந்தரம் அவருக்குச் சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"குடிங்க. கையி ரெண்டும் வேலையா இருக்குது, நான் ஒரு குடையப் புடிச்சுக்கறேனுங்க."

வேதாசலம் டம்ளரை வாங்கினார்.

"நீங்க இப்ப எங்க உக்காருறீங்க?"

"அதோ, செவுத்துப் பக்கமுங்க."

வடக்குச் சுவர். அங்கே ஜன்னலே இல்லை. சவுந்தரத்தின் இரண்டு முழங்காலிலும் பழைய துண்டு சுற்றியிருந்தது.

"குளிருமே."

"குளுருதான். இருபது வருசம் ஈரத்துலயே நின்ன காலுங்க. உளுந்து கழுவுற தண்ணி முட்டியில ஏறி உக்காந்துக்கிச்சு. வெயிலு பட்டா ஒரு மணி நேரம் சும்மா இருக்கும், அவ்வளவுதான்."

வேதாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"இங்கருந்து வெயிலு அப்புறம் எங்க போவுதுங்க?"

"எங்கயாவது போகும்."

"எங்கன்னு தெரியாதுங்களா? முப்பத்திநாலு வருசம் ஊரையே அளந்தவருன்னு சொன்னாங்களே."

சவுந்தரம் குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனால் வேதாசலத்துக்கு அது எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். அளந்த கை பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுவும் அப்படித்தான்.

"கொஞ்சம் இருங்க" என்றார்.

இரண்டு குடையையும் மஞ்சளின் மேல் சாய்த்து வைத்தார். நாடாவையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

* * *

அன்று முழுவதும் வேதாசலம் வெயிலின் பின்னால் போனார்.

பத்தே காலுக்குத் தெற்கு ஜன்னல். பதினொன்றுக்கு அது தூணைத் தாண்டியது. பன்னிரண்டரைக்குச் சாமான் அறைக் கதவோரம், துடைப்பம் சாத்தியிருக்கும் மூலை. இரண்டரைக்கு மேற்கு ஜன்னலடி. ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு நேரம் எழுதினார். தவழ்ந்தார். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

ஐந்தேகாலுக்கு மேற்கு வெயில் கூடத்தின் நீளம் முழுக்க நீண்டு, எதிர்க்கோடிக்குப் போய், அவருடைய சொந்த மஞ்சளின் மேல் ஏறியது.

வேதாசலம் அப்படியே நின்றுவிட்டார்.

சாயங்காலமும் அங்கே வெயில் வரும் என்பது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அந்த நேரத்தில் அவர் சமையலறையில் டீக்கு வரிசையில் நின்றிருக்கிறார்.

"சவுந்தரம்மா! சவுந்தரம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். "அது இருபோக நிலம்மா! ரெண்டு தடவை வெயில் வருது!"

மறுநாள் காலை கூடத்துக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இருப்பது போல. இடது பக்கம் நேரம், வலது பக்கம் இடம். மேலே கொட்டை எழுத்தில், 'வெயில் வரும் நேரம்'. அடியில் சிறிய எழுத்தில், 'மேகத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'.

சவுந்தரம் அதைப் பார்த்து உட்கார்ந்தார். ஏழு மணி தியானம் மேற்குச் சுவரோரம். ஒன்பது மணி தியானம் வேதாசலத்தின் மஞ்சளுக்கு ஓரடி தள்ளி. பதினோரு மணி தியானம் தூணடியில். மூன்றாம் நாள் முழங்கால் துண்டை அவிழ்த்துவிட்டார்.

அடுத்த வாரம் ஜீவரத்தினத்துக்கும் முட்டி வலி வந்தது. அதற்கடுத்த வாரம் எல்லோருக்கும் எங்கேயாவது வலித்தது.

ஒவ்வொரு தியானத்துக்கும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் வெயிலைத் தேடிப் போனார்கள். முந்திப் போனவருக்கு நடுவில் இடம். பிந்திப் போனவருக்கு ஓரம். யாருடைய பாய் எது என்பதே குழம்பிப்போயிற்று. ஒருவர் பாயில் ஒருவர் உட்கார்ந்தார்கள். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

வேதாசலத்துக்கு மட்டும் ஒரு தலைவலி. இந்த நிலம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்பது மணி வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. கோட்டை அழித்தார். புதிதாகப் போட்டார். தாளைக் கிழித்தார். புதிதாக எழுதினார்.

"என் சர்வீஸ்லயே இப்படி ஒரு நிலத்தை அளந்ததில்லம்மா" என்று குருவிடம் முறையிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "வாராவாரம் எல்லை மாறுது!"

"யார் மேல கேஸ் போடறது?" என்றார் குரு.

* * *

மாசி மாதத்தில் ஒரு நாள்.

நண்பகல் வெயில் சாமான் அறைக் கதவோரம் வரும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. வேதாசலம் துடைப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் இன்னும் ஒரு முழம் தள்ளி இருந்தது.

காத்திருந்தார்.

பலகையின் ஒவ்வொரு வரியாக ஏறி வந்தது. விரல் நுனியைத் தொட்டது. புறங்கையில் ஏறியது. முழங்காலுக்கு வந்தது. கதகதப்பாக இருந்தது. கண் தானாக மூடியது.

விசில் சத்தம் கேட்டது.

விழித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிருந்தது. வெயில் அவரைக் கடந்து தள்ளிப் போய்விட்டிருந்தது. கடியாரத்தைப் பார்க்கவே இல்லை. அந்த மூச்சு, கிழக்கு ஜன்னலில் மட்டும் இருக்கிறது என்று அவர் பூட்டிவைத்திருந்த மூச்சு, உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கனகவல்லியின் முகம் மனதில் வந்தது. அழுகை வரவில்லை. 'துடைப்பத்துக்குப் பக்கத்துலயா?' என்று அவள் கேட்பது போல இருந்தது. வேதாசலம் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

ஜீவரத்தினம் எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நேரம் எழுத விட்டுப்போச்சு."

அன்று சாயங்காலம் தன் மஞ்சளுக்குக் குடை வைக்க மறந்தார். மறுநாளும் மறந்தார். பிறகு அந்த இரண்டு குடைகளையும் பீன்ஸ் பறிக்கப் போனவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

* * *

சித்திரை பிறந்தது. சூரியன் வடக்கே நகர்ந்து, தெற்கு ஜன்னல்களில் வெயில் நின்றே போனது. வேதாசலம் கதவில் ஒன்பதாவது தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்று குரு கூப்பிட்டார். "வாங்க. உங்க நிலத்தை ஒரு தடவை பாத்துட்டு வரலாம்."

"எந்த நிலம்மா?"

கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். செய்தி அதற்குள் பரவி, எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

கிழக்கு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

தரை பழுப்பாக இருந்தது. முழுவதும் பழுப்பு. வெல்லப்பாகு ஊற்றி ஆறவைத்தது போல, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரே நிறம்.

முழங்காலிட்டார். கன்னத்தைத் தரையில் வைத்துச் சாய்வாகப் பார்த்தார்.

"இங்கதானே..." என்றார்.

ஜீவரத்தினம் ஓடிப்போய்ப் பழைய புலப்படத்தைக் கொண்டுவந்தார். ஜன்னலிலிருந்து நாலடி இரண்டு அங்குலம். தெற்கு மூலையிலிருந்து பதினோரு அடி. நாடா பிடித்தார்கள். நாடா சரியாக ஓரிடத்தில் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை.

"இதோ! இதோ இருக்கு மஞ்சள்!" என்றார் ஜீவரத்தினம்.

"அது சுக்குக்காப்பி கொட்டினதுங்க" என்றார் சவுந்தரம்.

மூடியிருந்த பலகைக்கு வெயில் மேல் பசி அதிகம் போலிருக்கிறது. பன்னிரண்டு வருடத்தை மூன்று மாதத்தில் எட்டிப் பிடித்துவிட்டது.

எல்லோரும் தங்கள் தங்கள் இடத்தைத் தேடிப் பார்த்தார்கள். பதினான்கு மனையில் ஒன்றும் மிச்சமில்லை.

சவுந்தரத்தின் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் என்னாலதானுங்க. மொத நாளு நான் வந்து அந்தப் பாயில உக்காராம இருந்திருந்தா, இந்நேரம் உங்க எடம் உங்களுக்கே இருந்திருக்கும்."

வேதாசலம் தரையிலிருந்து எழவில்லை. முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஜீவரத்தினம் தோளைத் தொட்டார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பார்த்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. சவுந்தரமும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கும் வரை குரு காத்திருந்தார்.

"மஞ்சள் போயிருச்சு, ஐயா. சொன்ன சொல்லுப்படி, இனிமே இது உங்க இடம் இல்ல."

"ஆமாம்மா."

"அப்போ உங்க இடம் எது?"

ஜீவரத்தினம் புலப்படத்தை நீட்டினார். வேதாசலம் அதை வாங்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"இப்போ மணி என்னம்மா?" என்றார்.